ஏரியும் ஆணையும்

தார்நாகாவில் வாழும் தமிழர்கள் அருகிலுள்ள உஸ்மானியப் பல்கலைக்கழகத்தை நன்கறிவர். 1918-இல் அதனை நிறுவிய ஏழாம் நிஜாம் உஸ்மான் அலி கானின் பெயரைத் தாங்கிய நீர்த்தேக்கம் ஒன்றும் ஐதராபாத்திற்கு மேற்கே உண்டு. குடிநீரைக் காப்பது எத்தகைய பணி என்பதை அந்த உஸ்மான் சாகரின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

1908 செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி நதி பெருக்கெடுத்தது. அதன் வடிநிலத்தில் இருந்த 788 ஏரிகளில் 221 ஏரிகள் உடைந்து, வெள்ளம் நகரின்மீது பாய்ந்தது. சுமார் 15,000 பேர் மாண்டனர் என மதிப்பிடுவர். மறு ஆண்டு சமஸ்தானத்தின் அழைப்பை ஏற்று வந்த பொறியியல் மேதை விசுவேசுவரய்யா, நகருக்கு மேலேயே வெள்ளத்தைத் தேக்குமாறு யோசனை கூறினார். அவ்வாறே மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920-இலும், துணையாறான ஈசியின் குறுக்கே இமாயத் சாகர் 1927-இலும் நிறைவெய்தின. அழிக்க வந்த நீரே அருந்தும் நீராயிற்று.

ஆயினும், ஏரி என்பது கரைக்குள் நிற்கும் நீர் மட்டுமன்று. மழைநீரைக் கொணர்ந்து சேர்க்கும் நிலமும் அதன் உறுப்பே. நகரம் மேற்கு நோக்கி வளரவே, ஆந்திரப் பிரதேச அரசு 1996 மார்ச் 8-ஆம் நாள் 111-ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. இரு நீர்த்தேக்கங்களிலிருந்தும் 10 கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் தொழிற்சாலைகளும் பெரிய ஓட்டல்களும் குடியிருப்புப் பெருக்கமும் தடுக்கப்பட்டன. 84 கிராமங்கள் அதன் வரம்பில் அடங்கின. பின்னர் ஓர் எண்ணெய் ஆலைக்கு அரசே விலக்களிக்க, 2000 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்விலக்கு செல்லாதென்று தீர்த்தது. நீர் கெட்டபின் திருத்துவதினும் கெடாமல் காப்பதே கடமை என்பது அத்தீர்ப்பின் கருத்து.

காலம் மாறிற்று. நகரம் கிருஷ்ணா, கோதாவரி நதிகளின் நீரைத் தொலைவிலிருந்து இறைத்துப் பெறலாயிற்று. இவ்விரு தேக்கங்களும் இனி முதன்மையான ஆதாரமல்ல என்னும் காரணத்தால், 2022 ஏப்ரலில் தெலங்கானா அரசு 69-ஆம் எண் ஆணையின் மூலம் அக்கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. நீரின் தரம் கெடலாகாது என்பது நிபந்தனை. தொலைவு நீர் வருகிறதென்று அண்மை நீரைக் கைவிடலாமா என்பதே சிந்திக்கத்தக்க வினா. வெள்ளத்தைத் தாங்கும் பணியும் அத்தேக்கங்களுக்கு உண்டல்லவா?

பத்தாம் நூற்றாண்டில் உத்தரமேரூரில் நம் முன்னோர் ஏரியைக் காக்கவென்றே ஏரி வாரியம் அமைத்து, அதன் உறுப்பினரை ஆண்டுதோறும் குடவோலையால் தேர்ந்தனர். காவல் ஓயாத பணி என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பொறியாளர் எழுப்பிய அணை நூறாண்டு கடந்து நிற்கிறது. அதனைக் காத்த ஆணையோ 26 ஆண்டுகளில் தளர்ந்தது. சட்டத்திற்கு வலிமை தருவது மக்களின் விழிப்பே. எம்மொழி பேசுவோராயினும், ஒரு நகரின் நீரைப் பருகுவோர் அதன் காவலிலும் பங்குடையோர் ஆவர்.