ஒரு சிறுபிரசுரத்தின் வரலாறு: எயிட்ஸ் தடுப்புக் கல்வியும் தன்பாலின ஈர்ப்புடைய ஆண்களும்

பாலியல் நலக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரச திணைக்களங்களின் அறிக்கைகளிலிருந்தும் ஆய்வுகூடக் கண்டுபிடிப்புகளிலிருந்தும் தொடங்குவர். எயிட்ஸ் தடுப்பின் வரலாறு இவ்வழக்கத்துக்குள் அடங்குவதில்லை. 'பாதுகாப்பான பாலுறவு' என்னும் கருத்து, நோய்க்குக் காரணமான வைரசு ஐயமற நிறுவப்படுவதற்கு முன்னரே, அந்நோயினால் தாக்குண்ட தன்பாலின, இருபாலின ஈர்ப்புடைய ஆண்களால் உருவாக்கப்பட்டது. 1983 மே மாதத்தில் நியூ யோர்க்கில் வெளிவந்த ஒரு சிறுபிரசுரத்தை மையமாகக் கொண்டு, அறிவு எந்நிலைமைகளில், யாரால் உற்பத்தி செய்யப்படுகிறது என்னும் வினாவை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

1. பின்னணி

1981 யூன் 5 இல் ஐக்கிய அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்த அறிக்கை, லொஸ் ஏஞ்சலிசில் ஐந்து இளைஞர்களுக்கு ஏற்பட்ட அரிய நுரையீரல் நோயைப் பதிவு செய்தது. ஐவரும் தன்பாலின ஈர்ப்புடையோர். அடுத்த ஆண்டு சிலகாலம் அந்நோய்க்குச் சூட்டப்பட்ட பெயரிலேயே 'தன்பாலினத்தார்' என்னும் அடைமொழி ஒட்டியிருந்தது. 1982 செப்டெம்பரில் எயிட்ஸ் என்னும் பெயர் நிலைபெற்ற பின்னரும் அவ்வடைமொழியின் நிழல் விலகவில்லை. சனாதிபதி றேகன் இந்நோயை மையப்பொருளாக்கி ஆற்றிய முதலாவது பேருரை 1987 மே 31 இலேயே நிகழ்ந்தது. அப்பொழுது அந்நாட்டில் 20,000 பேருக்கு மேல் இறந்திருந்தனர்.

சமூகநலச் செலவினங்களை வெட்டிக் குறைத்த ஓர் அரசின் மௌனத்தை வெறும் ஒழுக்கவியல் தயக்கமாகக் கொள்ள முடியாது. யாருடைய உயிருக்குப் பொதுப்பணம் செலவிடப்படவேண்டும் என்னும் அரசியல் தீர்ப்பு அதனுள் இருந்தது. அரசு விட்ட வெற்றிடத்தைத் தன்னார்வ அமைப்புகளே நிரப்பின. 1982 இல் நியூ யோர்க்கில் 'தன்பாலின ஆண்களின் சுகாதார நெருக்கடி' அமைப்பு தோன்றியது. அதேயாண்டில் சான் பிரான்சிஸ்கோவில், கன்னியாஸ்திரீகளின் உடையணிந்து அங்கதம் புரியும் ஆண்களின் குழுவொன்று, பாலியல் நோய்கள் பற்றி நகைச்சுவை கலந்த பிரசுரம் ஒன்றை வெளியிட்டது.

2. பிரசுரமும் அதன் கோட்பாடும்

'கொள்ளைநோய்க் காலத்தில் பாலுறவு கொள்வது எவ்வாறு: ஓர் அணுகுமுறை' என்னும் பொருள்படும் தலைப்பைக் கொண்ட அந்த நாற்பது பக்கப் பிரசுரத்தை எழுதியோர் றிச்சர்ட் பேர்க்கோவிற்ஸ், மைக்கல் கலன் ஆகிய இருவர். முன்னவர் பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்தவர், பின்னவர் பாடகர். இருவரும் நோயாளிகள். அவர்களுக்கு வழிகாட்டியவர் வைத்தியரும் வைரசு ஆய்வாளருமான ஜோசப் சொனபெண்ட்.

1982 நவம்பரில் இவ்விருவரும் ஒரு தன்பாலினப் பத்திரிகையில் எழுதிய கட்டுரை, பலருடன் உறவுகொள்ளும் வாழ்க்கைமுறை மீது போர் தொடுத்தது. அது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஆறு மாதங்களின் பின் வெளிவந்த பிரசுரத்தில் வினாவே மாறிவிட்டது. எத்தனை பேருடன் என்பது பின்தள்ளப்பட்டு, எச்செயலில், எவ்வழியாக நோய் கடத்தப்படுகிறது என்பது முன்னுக்கு வந்தது. ஒவ்வொரு பாலியற் செயலும் தனித்தனியே எடுத்து ஆராயப்பட்டது. விந்துப் பரிமாற்றத்தைத் தடுப்பதே அடிப்படை எனவும் ஆணுறை அதற்கான கருவி எனவும் கூறப்பட்டது. துணைவர்மீது கொள்ளும் அன்பும் பொறுப்பும்கூட அங்கு நோய்த்தடுப்பின் கூறுகளாகப் பேசப்பட்டன.

இங்கு ஒரு முரண்பாடு கவனத்துக்குரியது. சொனபெண்டும் அவர் வழிநின்ற எழுத்தாளர் இருவரும் புதிய வைரசு ஒன்று இருப்பதாகக் கருதவில்லை. பழைய தொற்றுகள் பல திரும்பத்திரும்பத் தாக்குவதனால் நீர்ப்பீடனம் சிதைகிறது என்னும் பல்காரணிக் கோட்பாட்டையே அவர்கள் முன்வைத்தனர். அதே மே மாதத்தில் பாரிஸ் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர் புதிய வைரசு ஒன்றைப் பிரித்தெடுத்தமையை அறிவித்தனர். 1984 இல் அதுவே காரணம் என்பது வலுவாக நிறுவப்பட்டது. 1986 இல் எச்.ஐ.வி. என்னும் பெயர் வழங்கப்பட்டது. பிரசுரத்தின் காரணக் கோட்பாடு இவ்வாறு தவறாயிற்று. ஆனால் அதன் நடைமுறை அறிவுரை நிலைத்தது. ஏனெனில் அது கடத்தலின் பாதையைச் சரியாகக் கண்டிருந்தது. சுருங்கிய சமூக வட்டத்தினுள் யார், எவ்வாறு நோயுற்றனர் என்பதை அன்றாடம் அவதானித்தவர்களின் அனுபவம், கோட்பாட்டை முந்திச் சென்றது. நடைமுறையே அறிவின் உரைகல் என்னும் கூற்றுக்கு இதனினும் துயரந்தோய்ந்த சான்று அரிது.

3. மொழியின் அரசியல்

அக்கால உத்தியோகபூர்வ அறிவிப்புகளும் செய்தித்தாள்களும் 'உடற்றிரவங்கள்' என்னும் மங்கலச் சொல்லை விரும்பின. வியர்வை, கண்ணீர், உமிழ்நீர் யாவும் அதனுள் அடங்கக்கூடுமாதலால், நாகரிகத்துக்காகத் தெரியப்பட்ட அச்சொல்லே பீதியின் ஊற்றாயிற்று. பாத்திரங்களைத் தொடவும் நோயாளியின் கையைப் பற்றவும் மக்கள் அஞ்சினர். பிரசுரமோ குருதியைக் குருதியென்றும் விந்துவை விந்துவென்றும் கூறியது. தெளிவான சொல் இங்கு உயிர்காக்கும் சாதனமாயிற்று.

எனினும் தெளிவே குற்றமாகவும் கருதப்பட்டது. 1987 ஒக்டோபரில் செனற்றர் ஜெசி ஹெல்ம்ஸ், மேற்கூறிய நியூ யோர்க் அமைப்பு வெளியிட்ட படக்கதை ஏடொன்றைச் செனற் சபையில் காட்டி, தன்பாலுறவை நேராகவோ மறைமுகமாகவோ ஊக்குவிக்கும் கல்விக்குக் கூட்டாட்சிப் பணம் செல்லலாகாது எனத் திருத்தம் கொணர்ந்தார். அவ்வேடு தனியார் நிதியில் அச்சிடப்பட்டது என்னும் உண்மை பொருட்படுத்தப்படவில்லை. எதிர்த்து வாக்களித்தோர் இருவர் மட்டுமே.

தமிழ்மொழி ஆய்வாளர் இதனைத் தூரத்துச் செய்தியாகக் கொள்வதற்கில்லை. நமது மொழியில் பாலுறுப்புகளுக்கும் பாலுறவுக்கும் உரிய சொற்கள் ஒருபுறம் பாடநூற் கலைச்சொற்களாகவும் மறுபுறம் வசைச் சொற்களாகவும் பிளவுண்டு கிடக்கின்றன. வாசகன் தன் வாழ்க்கையை இனங்காணத்தக்க இடைப்பட்ட உரைநடையை உருவாக்குவது இலக்கியப் பணியுமாகும்.

4. எல்லைகளும் முரண்பாடுகளும்

1983 யூனில் டென்வரில் கூடிய நோயாளிகள், 'பலியானோர்' என்னும் பெயரை நிராகரித்து, தம்மைப் பற்றிய தீர்மானங்களில் தமக்கு இடம் வேண்டுமெனப் பிரகடனம் செய்தனர். கலனும் பேர்க்கோவிற்சும் அங்கிருந்தனர். அவ்வியக்கத்தின் பெருமை குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. ஆயினும் அதன் முன்னணியில் நின்றோர் பெரும்பாலும் வெள்ளையினத்தவர். நகர்ப்புற மத்தியதர வர்க்கத்தினர். கறுப்பினத்தவரையும், தன்னைத் 'தன்பாலினத்தான்' என்று அழைத்துக்கொள்ளாத திருமணமான தொழிலாளியையும் அப்பிரசுரங்கள் எளிதில் எட்டவில்லை. 1986 இல் நியூ யோர்க்கில் ஆபிரிக்க வம்சாவளித் தன்பாலின ஆண்கள் தனியமைப்பை நிறுவ நேர்ந்தமை இதனாலேயே.

மருந்தின் வரலாறும் இதனையே காட்டுகிறது. 1987 இல் அங்கீகாரம் பெற்ற முதலாவது மருந்தான ஏ.இசட்.ரி.யின் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 10,000 டொலராக இருந்தது. அவ்வாண்டு மார்ச்சில் 'அக்ட் அப்' இயக்கத்தினர் தமது முதல் ஆர்ப்பாட்டத்துக்கு வோல் வீதியைத் தேர்ந்தமை தற்செயலானதன்று. 2012 இல் தொற்றை முன்கூட்டியே தடுக்கும் மாத்திரை ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. தொடர்ந்து சிகிச்சை பெற்று, குருதியில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவு வழியே தொற்றுவதில்லை என்பதை, 782 தன்பாலின ஆண் இணையரை உள்ளடக்கிய ஐரோப்பிய ஆய்வு 2019 இல் உறுதிப்படுத்தியது. விஞ்ஞானம் தன் பணியைப் பெருமளவு செய்துவிட்டது. அதன் பயன் யாரைச் சென்றடைகிறது என்பதை விலையும் சட்டமும் வெட்கமும் தீர்மானிக்கின்றன.

5. முற்போக்காளர் முன்னுள்ள வினா

இடதுசாரி மரபும் இவ்விடயத்தில் மாசற்றதாக இருக்கவில்லை. 1922 இன் சோவியத் ரஷ்யக் குற்றவியற் கோவையில் தன்பாலுறவு குற்றமாகக் குறிக்கப்படவில்லை. 1934 இல் அது மீண்டும் தண்டனைக்குரியதாயிற்று. நாம் பெரிதும் போற்றும் மாக்சிம் கோர்க்கியே அவ்வாண்டில் தன்பாலுறவைப் பாசிசத்துடன் இணைத்து எழுதினார். ரஷ்யாவில் அச்சட்டம் நீங்க 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கியூபா 1986 முதல் 1993 வரை எச்.ஐ.வி. தொற்றியோரைச் சுகாதார நிலையங்களில் கட்டாயமாகத் தங்கவைத்தது. உணவும் சிகிச்சையும் சம்பளமும் அங்கு வழங்கப்பட்டன, சுதந்திரம் வழங்கப்படவில்லை. தொற்று குறைவாயிருந்தமை இக்குறையை நியாயப்படுத்தாது. 'குட்டி முதலாளித்துவச் சீரழிவு' என்னும் தொடரும் மதவாதியின் 'பாவம்' என்னும் சொல்லும் நோயாளியின் படுக்கையருகில் ஒரே பணியையே ஆற்றின.

இலங்கையில் 1883 இன் தண்டனைச் சட்டக் கோவை விக்ரோறிய இங்கிலாந்தின் ஒழுக்கத்தை 365, 365அ பிரிவுகளாக நமக்கு விட்டுச்சென்றது. 1995 இன் திருத்தம் அதனை நீக்காது பெண்களுக்கும் விரிவாக்கியது. குடியேற்றவாதத்தின் எச்சங்களை இலக்கியத்திலும் கல்வியிலும் தேடிக் கண்டிக்கும் நாம், இவ்வெச்சத்தை மட்டும் 'நமது பண்பாடு' எனக் காப்பது எவ்வாறு பொருந்தும்? குற்றவாளியெனக் கருதப்படுபவன் வைத்தியரிடம் உண்மையைக் கூறத் தயங்குவான். கூறப்படாத உண்மையின்மீது தடுப்புக் கல்வியைக் கட்டியெழுப்ப முடியாது. 1983 இன் அச்சிறுபிரசுரம், தாக்குண்ட மக்களைப் பேசவிட்டால் அவர்கள் தம்மையும் பிறரையும் காக்கும் அறிவைத் தாமே உருவாக்குவர் என்பதை நிறுவியது. மக்களிடமிருந்து கற்றல் என்பதை ஒரு கோட்பாடாக ஏற்றவர்கள், அம்மக்களுள் இவர்களையும் சேர்த்து எண்ணக் கடமைப்பட்டுள்ளனர்.