கேட்ட பாடம் சொந்தமாகும் வழி: மின்சுற்று விதிகளும் இலவச விரிவுரைகளும்

தானா ராத்தாவைச் சூழ்ந்த மலைகளில் பெய்யும் மழை தேயிலையை மட்டும் வளர்ப்பதில்லை. 1929-இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தோட்டமும் அதனையடுத்து எழுந்த பிற தோட்டங்களும் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் இச்சரிவுகளைப் பசுமையாக்கின. 1960-களின் தொடக்கத்தில் இதே மலைநீர் மற்றொரு பணிக்கும் திருப்பப்பட்டது. தெலோம் ஆற்றின் நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியே பெர்த்தாம் ஆற்றுக்குக் கொண்டுவரப்பட்டது. ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணை எழுந்தது. தேங்கிய நீர் மீண்டும் சுரங்கம் புகுந்து, பேராக் பக்கத்துத் தாழ்நிலத்தில் மின்னாக்கப் பொறிகளைச் சுழற்றியது. கொழுந்து பறித்தோர் நடந்த ஓடைக்கரைகள் நாட்டின் மின்னாக்க வரலாற்றில் இவ்வாறு இடம்பெற்றன.

இம்மலையில் இன்று ஒரு மாணவர் திறன்பேசியைத் திறந்து, மின்சுற்றின் அடிப்படை விதிகளை உலகின் புகழ்பெற்ற பேராசிரியர்களிடமிருந்து கட்டணமின்றிக் கேட்க இயலும். நம் முன்னோர் கனவிலும் கண்டிராத வாய்ப்பு இது. ஆயினும் கேட்பது கற்பதாகுமா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அவ்விதிகள் பிறந்த வரலாற்றையும் அவை மக்களுக்குக் கற்பிக்கப்பட்ட வரலாற்றையும் ஒருசேர நோக்கினால், அவ்வினாவுக்கு விடை கிடைக்கும்.

பூட்டிய ஏடும் திறந்த ஏடும்

ஓம் விதி என நாம் வழங்கும் உண்மையை ஓமுக்கு முன்னரே ஒருவர் கண்டிருந்தார். இங்கிலாந்தின் என்றி கேவெண்டிசு 1781-ஆம் ஆண்டளவில் மின்னோட்டத்திற்கும் மின்னழுத்தத்திற்கும் உள்ள விகிதத்தை உணர்ந்திருந்தார். மின்னோட்டத்தை அளக்கும் கருவி இல்லாத காலம் அது. தம் உடலில் பாய்ந்த அதிர்ச்சியின் வன்மையையே அவர் அளவுகோலாகக் கொண்டார். ஆனால் அக்கண்டுபிடிப்பை அவர் வெளியிடவில்லை. நூற்றாண்டு கழிந்து, 1879-இல் மாக்சுவெல் அவருடைய குறிப்பேடுகளைப் பதிப்பித்தபோதுதான் உலகம் அதனை அறிந்தது. அதற்குள் அவ்விதிக்கு வேறொருவர் பெயர் நிலைத்துவிட்டது. பகிரப்படாத அறிவு பிறருக்குப் பயன்படாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த வேறொருவர், கியார்க் சைமன் ஓம், ஒரு பள்ளி ஆசிரியர். 1789-இல் செருமனியின் எர்லாங்கன் நகரில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். தாமே முயன்று கணிதம் கற்ற அத்தந்தையே மகனுக்கு முதலாசிரியரானார். கொலோன் நகர உயர்நிலைப்பள்ளியில் கற்பித்துவந்த காலத்தில், பள்ளியின் ஆய்வுக்கூடத்திலேயே ஓம் தம் சோதனைகளைச் செய்தார். தொடக்கத்தில் அவர் பயன்படுத்திய வோல்ட்டா மின்கல அடுக்கின் மின்னழுத்தம் நிலையாக நில்லாமல் அளவுகளைக் குழப்பியது. பின்னர், ஒரு முனை கொதிநீரிலும் மறுமுனை பனிக்கட்டியிலும் வைக்கப்பட்ட வெப்ப மின்னிரட்டையைக் கொண்டு நிலையான மின்னழுத்தத்தைப் பெற்றார். வெவ்வேறு நீளமுள்ள செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து அளந்தார். 1826-இல் முடிவுகளை வெளியிட்டார், 1827-இல் நூலாக்கினார். சொந்த நாட்டில் அந்நூலுக்கு வரவேற்பு இல்லை. 1841-இல் இலண்டன் அரச கழகம் கோப்ளி பதக்கம் வழங்கிய பின்னரே அவர் பெருமை பரவியது.

ஓம் ஒரு கம்பியைப் பற்றிச் சொன்னதைப் பல கிளைகள் கொண்ட சுற்றுக்கு விரித்தவர் குசுத்தாவ் கிர்க்காஃப். 1845-இல் அவ்விரு விதிகளை வெளியிட்டபோது அவருக்கு வயது 21. கோனிக்சுபர்க் பல்கலைக்கழகத்தில் மாணவர். ஆக, இன்று உலகெங்கும் மின்னியலின் முதற்பாடமாக விளங்கும் இவ்விதிகளுள் ஒன்றை ஆசிரியர் ஒருவரும் ஏனையவற்றை மாணவர் ஒருவரும் தந்தனர்.

கிர்க்காஃபின் முதல் விதியைக் கேமரன் மலைப் பிள்ளைகளுக்கு விளக்க ஆறுகளே போதும். இரண்டு ஓடைகள் கூடும் இடத்தில் வந்து சேரும் நீரின் அளவும் வெளியேறும் நீரின் அளவும் சமம். மின்சுற்றின் சந்தியிலும் புகும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை வெளியேறுவனவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமம். இரண்டாம் விதிக்கு மலைப்பாதை போதும். தானா ராத்தாவிலிருந்து புறப்பட்டு, எவ்வழியில் ஏறி எவ்வழியில் இறங்கினாலும், புறப்பட்ட இடத்திற்கே திரும்பினால் ஏறிய உயரமும் இறங்கிய உயரமும் ஒன்றே. மூடிய சுற்றொன்றில் மின்கலம் உயர்த்தும் மின்னழுத்தமும் தடைகளில் இறங்கும் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகையும் அவ்வாறே ஈடாகும்.

ஒரு ஷில்லிங் விரிவுரை

விதிகள் நூலில் ஏறின; அவை எளியோரை எட்டியது எவ்வாறு? 1799-இல் இலண்டனில் நிறுவப்பட்ட அரச நிறுவனத்தில் அறிவியல் விரிவுரைகள் பொதுமக்கள் முன் நிகழ்த்தப்பட்டன. ஆயினும் நுழைவுச்சீட்டு வாங்கும் வசதி எல்லார்க்கும் இல்லை. கொல்லர் ஒருவரின் மகனான மைக்கேல் பரடே அக்காலத்தில் புத்தகக் கட்டுநரிடம் தொழில் பயின்றுகொண்டிருந்தார். தேட்டம் என்பாரின் மாலை விரிவுரைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அதனை அவருடைய தமையனார் தந்தார். 1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் ஆம்ப்ரி டேவியின் விரிவுரைகளுக்கு நுழைவுச்சீட்டுகளை அன்பளிப்பாக வழங்கினார். பரடே நான்கு விரிவுரைகளைக் கேட்டார்.

அவர் அதன்பின் செய்த செயலே நம் கருத்துக்குரியது. கேட்டவற்றை விரிவாகத் திருத்தி எழுதினார், படங்கள் வரைந்தார், தாம் கற்ற தொழிலால் அத்தாள்களைத் தாமே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813-இல் அரச நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். நம் மலைநீர் சுழற்றும் பொறிகள் மின் தருவது அத்தூண்டலால்தான். டேவியின் விரிவுரைகளைக் கேட்டவர் பலர். கேட்டதைத் தம் கையால் மீண்டும் எழுதி நூலாக்கிய பரடேயோ அவ்வறிவைத் தமக்குரியதாக்கிக்கொண்டார்.

இணைய விரிவுரைகள்

இருநூறு ஆண்டுகளுக்குப்பின் விரிவுரை மண்டபத்தின் கதவு முற்றிலும் திறந்தது. 2001-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாக வெளியிடப்போவதாக அறிவித்தது. இந்தியாவில் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து என்பிடெல் என்னும் திட்டத்தை 2003-இல் தொடங்கின. சென்னைத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் நாகேந்திர கிருஷ்ணபுராவின் அடிப்படை மின்சுற்றுகள் பற்றிய பாடம் அத்திட்டத்தில் வந்தவற்றுள் ஒன்று. சல்மான் கான் தம் உறவினர் பிள்ளைக்குத் தொலைவிலிருந்து கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய முயற்சி, கான் அகாதமி என்னும் பெயரில் உலகப் பள்ளியாக வளர்ந்தது.

2012 மார்ச்சு மாதத்தில் மாசச்சூசெட்சு கழகம் மற்றொரு படி சென்றது. காணொலியோடு பயிற்சி, தேர்வு, சான்றிதழ் ஆகியவற்றையும் சேர்த்து இலவசப் பாடம் ஒன்றை வழங்கியது. அதன் முதற்பாடம் மின்சுற்றுகளும் மின்னணுவியலும். அதனை முன்னின்று நடத்தியவர் ஆனந்த் அகர்வால். மங்களூரில் பிறந்து, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்றவர். பதிவு செய்தோர் 1,54,763 பேர். இறுதியில் தேர்ச்சி பெற்றோர் 7,157 பேர். நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு.

இவ்வெண்களை இருவகையாகப் படிக்கலாம். ஒரே பாடத்தில் ஏழாயிரவர் தேர்ச்சி பெறுவது எந்தப் பேராசிரியரும் ஒரு வகுப்பறையில் காண இயலாத பயன். அதே வேளையில், கதவு திறந்திருப்பது மட்டுமே உள்ளே கொண்டுசெல்லாது என்பதையும் அவை காட்டுகின்றன. முழு மதிப்பெண் பெற்றவர்களுள் மங்கோலியத் தலைநகர் உலான்பத்தாரைச் சேர்ந்த 15 வயதுப் பள்ளி மாணவர் ஒருவரும் இருந்தார். உலகம் அவரது ஆற்றலை வியந்தது, அது தகும். அவருடைய பள்ளியையும் நோக்கவேண்டும். அப்பள்ளித் தலைமையாசிரியர் அதே மாசச்சூசெட்சு கழகத்தில் பயின்றவர். மாணவர்கள் தம் கையால் சுற்றுகளை அமைத்துப் பார்க்கக் கருவிகளுக்கும் வழிகாட்டிக்கும் அவர் ஏற்பாடு செய்தார். இணைய விரிவுரைக்கு அருகில் ஓர் ஆசிரியரும் ஒரு மேசையும் இருந்தன.

மூன்று மொழியில் ஒரு பொருள்

நம் பிள்ளைகளுக்கு மற்றொரு படியும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் தொடங்கும் குழந்தை, இடைநிலைப்பள்ளியில் அதனை மலாயில் தொடர்கிறது. இணைய விரிவுரைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. 2003 முதல் மலேசியப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டதையும், அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டதையும் ஆசிரியர்கள் அறிவர். இருமொழித் திட்டம் பற்றிய விவாதம் பின்னரும் எழுந்தது. கொள்கை எவ்வாறு மாறினும் குழந்தையின் முன் மூன்று சொற்கள் நிற்கின்றன: தமிழில் மின்தடை, மலாயில் ரிந்தாங்ஙான், ஆங்கிலத்தில் ரெசிஸ்டன்ஸ்.

தமிழ்ச்சொற்கள் இங்கே செய்யும் பணி பெரிது. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தாலே ஓம் விதியின் பொருள் விளங்கத் தொடங்குகிறது. அழுத்தம் மிகுந்தால் ஓட்டம் மிகும். தடை மிகுந்தால் ஓட்டம் குறையும். மலாயிலும் ஆருஸ் என்பது நீரோட்டத்தையும் ரிந்தாங்ஙான் என்பது தடையையும் குறிக்கும். வோல்தான் மட்டும் ஒருவர் பெயரிலிருந்து வந்தது, பொருளைத் தானே சொல்லாது. தமிழில் அழுத்தம் என்று முன்பே கற்ற குழந்தைக்கு அச்சொல் வெற்றொலியாக நில்லாது. எனவே தமிழில் கற்றதைத் துறந்துவிட்டு அடுத்த மொழிக்குச் செல்லவேண்டியதில்லை. அதனைக் கைவிளக்காகக் கொண்டு செல்லலாம்.

இச்சொற்கள் தாமாக வந்தவையல்ல. 1916-இல் சேலத்தில் இராசாசியும் நண்பர்களும் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் கண்டனர். பெ. நா. அப்புசுவாமி வாழ்நாள் முழுவதும் அறிவியலைத் தமிழில் எழுதினார். பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. இவ்வரிசையில் ஒவ்வொரு நாளும் வகுப்பில் மின்தடை என்று சொல்லும் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் இடம் உண்டு. சொல்லை வாழவைப்பது அவர் நாவே.

மேசைமேல் ஒரு சுற்று

இவ்வரலாறு நமக்குக் காட்டும் வழி எளியது. விரிவுரையைக் கேட்ட மாணவர் அதனை நிறுத்திவிட்டு, கேட்டதைத் தமிழில் பத்து வரிகளில் எழுதட்டும், படம் வரையட்டும், மூன்று மொழிச்சொற்களையும் ஓரத்தில் குறிக்கட்டும். பின்னர் செய்து பார்க்கட்டும். ஒன்றரை வோல்ட்டு மின்கலங்கள் இரண்டு, 10 ஓம், 20 ஓம் தடைகள், ஒரு பன்மானி ஆகியன போதும். வீட்டுச் சுவரிலுள்ள மின்னிணைப்பை எக்காரணத்தாலும் சோதனைக்குப் பயன்படுத்தலாகாது. அது உயிரைப் பறிக்கும்.

இரு தடைகளையும் தொடராக இணைத்தால் மொத்தம் 30 ஓம். 3 வோல்ட்டுக்கு 0.1 ஆம்பியர் ஓடவேண்டும், தடைகளில் 1 வோல்ட்டும் 2 வோல்ட்டும் இறங்கவேண்டும், கூட்டினால் 3. அவற்றைப் பக்க இணைப்பில் வைத்தால் ஒன்றில் 0.3, மற்றொன்றில் 0.15, மொத்தம் 0.45 ஆம்பியர். இது கணக்கு. பன்மானியோ பெரும்பாலும் சற்றுக் குறைவாகவே காட்டும். தாம் தவறு செய்துவிட்டதாக மாணவர் எண்ணுவார். அப்போதுதான் ஆசிரியர் அருகில் இருக்கவேண்டும். மின்கலத்துக்குள்ளும் ஒரு தடை உண்டு. ஓட்டம் மிகும்போது அத்தடையிலும் அழுத்தம் இறங்குகிறது. மின்கலத்தின் அழுத்தம் நிலையாக நில்லாத இடர்ப்பாடே கொலோன் நகரில் ஓமையும் கலங்கச் செய்தது. அந்த மாணவர் தம்மை அறியாமலே அவர் நின்ற இடத்திற்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

இலவச விரிவுரை நம் மலைக்கு வந்துவிட்டது. அதன் அருகே ஒரு குறிப்பேட்டையும் இரண்டு மின்கலங்களையும் தமிழில் வினவினால் தமிழில் விடை தரும் ஓர் ஆசிரியரையும் வைப்பது நம் கடமை. அவ்வாறு வைத்தால், இம்மலைநீர் தரும் மின்சாரத்தில் படிக்கும் பிள்ளை அம்மின்சாரத்தையே படித்து முடிக்கும் நாள் தொலைவில் இல்லை.