பேரிடரும் ஏழையின் கூரையும்

பேரிடர் ஏழை, செல்வர் என்று பார்ப்பதில்லை என்பர். நமது கடலூர் மாவட்டத்தின் அண்மைக்கால வரலாறு இக்கூற்றைப் பாதியளவே ஏற்கிறது. காற்றும் நீரும் அனைவர் மீதும் வருகின்றன. முன்னெச்சரிக்கையும் உறுதியான கூரையும் அனைவருக்கும் வாய்ப்பதில்லை.

2004 டிசம்பர் 26 காலை சுமார் 6.30 மணிக்குச் சுமத்ரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. நம் கரையை ஆழிப்பேரலை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியில் கரையோர மக்களுக்குச் செய்தி சொல்ல நாட்டில் ஏற்பாடு ஏதும் இல்லை. நம் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவர் கிராமத்திலோ, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையமும் ஒலிபெருக்கியும் முன்பே இருந்தன. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் எச்சரித்ததும் செய்தி ஊரெங்கும் ஒலித்தது, மக்கள் தப்பினர்.

அலை ஓய்ந்தபின் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவச் சகோதரர்களுக்கு உணவும் தங்குமிடமும் தந்ததை நாடறியும். ஆயினும் படகோ வலையோ இன்றிக் கழிமுகத்தில் கையால் இறால் பிடித்து வாழ்ந்த இருளர் குடும்பங்கள் பல, நிவாரணப் பட்டியல்களில் விடுபட்டன. இழந்ததற்குச் சான்று காட்ட உடைமையே இல்லாதவர் எதைக் காட்டுவர்? நிவாரணத்தில் சாதி, சமய, பாலின வேறுபாடு கூடாது என்று 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 61ஆம் பிரிவில் விதித்தது.

2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. இம்முறை எச்சரிக்கை முன்னரே வந்தது. ஆனால் கீற்றுக் கூரையின் கீழ் வாழ்பவர் அதைக் கொண்டு என்ன செய்ய இயலும்? குடிசைகள் சிதைந்தன, முந்திரித் தோப்புகள் சாய்ந்தன. மரத்தோடு கூலியாட்களின் பிழைப்பும் வீழ்ந்தது.

கடலுக்கு அப்பால் இருக்கிறோம் என்று விருத்தாசலத்தார் நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. பீங்கான் தொழிலில் பொம்மையும் அகல் விளக்கும் செய்வோரின் ஈரக் களிமண் அடைமழையில் காயாது. வேலை குறையும், கூலி குறையும். கையிருப்பு கரையும் பருவமும் புயல் வரும் பருவமும் ஒன்றே. அரிசியும் மருந்தும் முன்கூட்டி வாங்கி வைக்குமாறு அறிவுரை கூறுவது எளிது. வாங்கப் பணம் வேண்டுமே!

ஆகவே, ஐப்பசிக்கு முன்பே மஹல்லாதோறும் கூரை வீடுகள், தனித்து வாழும் விதவையர், முதியோர், நோயாளிகள் ஆகியோரின் பட்டியலைச் சமய வேறுபாடின்றி நாம் தயாரிக்க வேண்டும். மணிமுத்தாற்றில் வெள்ளம் பெருகும் நாளில் யார் யாரை அழைத்து வருவது, எங்குத் தங்க வைப்பது என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். நல்லவாட்டைக் காத்த ஒலிபெருக்கி நம் பள்ளியிலும் இருக்கிறது. அதன் ஓசை கடைசிக் குடிசைவரை எட்டுகிறதா என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.