திருவண்ணாமலையும் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டமிடலும்: ஒரு கோயில் நகரின் உள்ளாட்சி வரலாறு

ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டமிடல் என்பது ஓர் ஊரின் குடிநீர், வடிகால், சாலை, வீட்டுமனை, சுகாதாரம், நிலப் பயன்பாடு, நிதி ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒன்றோடொன்று பொருத்தி ஒரே திட்டமாக வகுப்பதாகும். ஊரின் தேவையை அறிந்த உள்ளாட்சி அமைப்பே இத்திட்டத்தை வகுக்க வேண்டும் என்பது இதன் அடிப்படைக் கருத்து. இக்கருத்து நடைமுறையில் சந்திக்கும் சிக்கல்களை அறிந்துகொள்ளத் திருவண்ணாமலை ஏற்ற எடுத்துக்காட்டு. பஞ்சபூதத் தலங்களில் அக்கினித் தலமான இவ்வூரில், நிலையாகக் குடியிருப்போரைப் போலப் பல மடங்கு மக்கள் பௌர்ணமி நாளிலும் கார்த்திகைத் தீப நாளிலும் வந்து செல்கின்றனர். ஊரின் நடுவே 2,668 அடி உயர மலை நிற்கிறது. அதன் அடிவாரத்தில் நகரமும் சிற்றூர்களும் ஒட்டி வளர்ந்துள்ளன.

நகரின் தோற்றமும் அமைப்பும்

திருவண்ணாமலையின் பழைய அமைப்பைக் கோயிலே தீர்மானித்தது. அருணாசலேசுவரர் கோயிலில் சோழர் காலம் முதலான கல்வெட்டுகள் உள்ளன. 14ஆம் நூற்றாண்டில் போசள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர் இவ்வூரைத் தம் தலைநகராகக் கொண்டிருந்தார். 217 அடி உயரமுள்ள கிழக்கு இராசகோபுரத்தின் பணி 16ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் நிறைவடைந்தது. கோயிலைச் சுற்றி மாட வீதிகளும், வீதிகளை ஒட்டி வணிகர், கைவினைஞர் குடியிருப்புகளும் அமைந்தன. மலையிலிருந்து இறங்கும் மழைநீரைக் குளங்களும் ஏரிகளும் தேக்கிக்கொண்டன. ஐயங்குளமும் சமுத்திரம் ஏரியும் இந்த நீரமைப்பின் பகுதிகள்.

இந்தப் பழைய ஏற்பாட்டில் ஓர் ஒருங்கிணைப்பு இயல்பாகவே இருந்தது. வீதியின் அகலம் தேர் ஓடும் அளவைக் கொண்டு அமைந்தது. நீர் ஓடும் பாதை குளத்தின் இருப்பிடத்தைக் கொண்டு அமைந்தது. பிற்காலத்தில் இப்பொறுப்புகள் பல துறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன.

நகராட்சியின் தொடக்கம்

1882இல் வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றிய புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டார். அதன் தொடர்ச்சியாக 1884இல் சென்னை மாகாணத்தில் மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்தது. திருவண்ணாமலை நகராட்சி 1886இல் அமைக்கப்பட்டது. அக்காலத்தில் விழா நகரங்களைப் பற்றிய அரசின் முதன்மைக் கவலை காலரா போன்ற தொற்றுநோய்கள். எனவே துப்புரவும் குடிநீரும் நகராட்சியின் தலையாய பணிகளாக இருந்தன.

1920ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் முக்கியமானது. அவ்வாண்டில் மாவட்ட நகராட்சிகள் சட்டம், நகரமைப்புச் சட்டம் ஆகிய இரண்டும் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டன. நகரை நிர்வகிப்பது ஒரு சட்டத்தின் கீழும், நகரைத் திட்டமிடுவது வேறொரு சட்டத்தின் கீழும் வந்தன. இந்தப் பிரிவினை விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி நகரங்களுக்கு முழுமைத் திட்டம் வகுக்கப்படுகிறது. அத்திட்டத்திற்கு ஒப்புதல் அளிப்பது மாநில அரசு. குடிநீர், பாதாளச் சாக்கடை போன்ற பெரும் பணிகளுக்கு 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தது. நகராட்சி மன்றம் வரி வசூலிக்கவும், குப்பை அகற்றவும், விளக்கு எரியச் செய்யவும் பொறுப்பேற்றது. ஊரின் எதிர்கால வடிவத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் பெரும்பாலும் அதற்கு வெளியே இருந்தது.

எல்லைக்கு வெளியே வளர்ந்த நகரம்

1989 செப்டம்பர் 30 அன்று வடஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் அமைந்தது. வேங்கிக்கால் அப்போது நகராட்சிக்கு உட்பட்டதன்று. அது தனி ஊராட்சி. அலுவலகங்களைத் தொடர்ந்து வீட்டுமனைகளும் கடைகளும் அப்பக்கம் பெருகின. வேலூரையும் விழுப்புரத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலையும், கிருஷ்ணகிரியையும் திண்டிவனத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலையும் இவ்வூர் வழியே செல்வதால் சாலையோர வளர்ச்சியும் விரைந்தது.

பார்வைக்கு ஒரே நகரமாக இருந்த இடம் சட்டத்தின் பார்வையில் ஒரு நகராட்சியாகவும் பல ஊராட்சிகளாகவும் இருந்தது. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையே இதற்குத் தெளிவான சான்று. எட்டுத் திசை லிங்கங்களை வணங்கியபடி நடக்கும் பக்தர் நகர எல்லையைத் தாண்டி அடிஅண்ணாமலை போன்ற ஊராட்சிகளைக் கடந்து மீண்டும் நகருக்குள் வந்து சேர்கிறார். அவருக்கு அது ஒரே பாதை. ஆனால் பாதையின் சாலை நெடுஞ்சாலைத்துறையுடையது. ஒரு பக்கத்து மலை பெரும்பாலும் வனத்துறையின் பொறுப்பு. குப்பை அகற்றுவது அந்தந்த உள்ளாட்சியின் வேலை. கோயில்களும் அவற்றின் சொத்துகளும் இந்து சமய அறநிலையத்துறையின் கீழ் உள்ளன. குளங்கள், ஓடைகள் சிலவற்றுக்கு வருவாய்த்துறையும் நீர்வளத்துறையும் பொறுப்பு. கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது காவல்துறை.

1990களுக்குப் பிறகு பௌர்ணமி கிரிவலத்திற்கு வருவோர் பெருமளவு கூடினர். பாதையை அகலப்படுத்துவதா, மரங்களையும் நீர்நிலைகளையும் காப்பதா என்ற கேள்வி எழுந்தது. பாதைப் பாதுகாப்பு பற்றிய வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரையும் பசுமைத் தீர்ப்பாயம் வரையும் சென்றன. திட்டமிடும் மேசையில் பேசித் தீர்க்க வேண்டிய செய்திகள் நீதிமன்றத்தில் தீர்வு தேடின.

கோயில் யாருடையது என்ற கேள்வி

2002இல் அருணாசலேசுவரர் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னமாக அறிவிக்க மத்திய தொல்லியல் துறை முனைந்தபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அன்றைய விதிகளின்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்திற்குத் தடையும், அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் உண்டு. நெருக்கமான மாட வீதிகளில் இவ்விதி நடைமுறைக்கு வந்தால் பழைய வீட்டைப் புதுப்பிப்பதற்கும் அனுமதி தேவைப்படும். வழிபாட்டு மரபில் தலையீடு வரும் என்ற அச்சமும் இருந்தது. 2004இல் அம்முயற்சி கைவிடப்பட்டது.

இந்நிகழ்வு இரு உண்மைகளை உணர்த்தியது. மரபுச் சின்னத்தைக் காப்பதும் ஊர் மக்களின் வாழ்வைக் காப்பதும் ஒரே திட்டத்தில் இடம்பெற வேண்டியவை என்பது ஒன்று. அத்தகைய திட்டம் இல்லாதபோது மக்கள் ஒரு பக்கம் மட்டுமே நிற்க வேண்டியதாகிறது என்பது மற்றொன்று.

சட்டம் தந்த வாய்ப்பு

1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சிக்குப் புதிய நிலையை அளித்தன. ஊராட்சிகளுக்கு 29 பொருள்களும் நகர உள்ளாட்சிகளுக்கு 18 பொருள்களும் அட்டவணைகளில் இடம்பெற்றன. நகரத் திட்டமிடல் அந்த 18இல் முதலாவது. 243இசட்டி பிரிவு ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டத் திட்டக் குழு அமைய வேண்டும் என்றது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் வகுக்கும் திட்டங்களை ஒன்றுசேர்த்து மாவட்டத்திற்கு ஒரு வரைவுத் திட்டம் தயாரிப்பது அக்குழுவின் கடமை. நீர்ப் பங்கீடு, இயற்கை வளம், சுற்றுச்சூழல் ஆகியவற்றைப் பொதுவாகக் கருத வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. குழுவில் ஐந்தில் நான்கு பங்கினர் உள்ளாட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களிலிருந்து தேர்வு செய்யப்பட வேண்டும்.

திருவண்ணாமலைக்குத் தேவைப்பட்ட கருவி இதுதான். ஆனால் அக்கருவி இயங்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. இம்மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர்களே நிர்வகித்தனர். பின்னர் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 சனவரியில் முடிந்தது. நகரத்தின் உறுப்பினர்களும் சிற்றூர்களின் உறுப்பினர்களும் ஒரே காலத்தில் பதவியில் இருந்த ஆண்டுகள் மிகக் குறைவு. அவர்கள் சேர்ந்து உட்காராமல் கூட்டுத் திட்டம் பிறக்க வழியில்லை.

நிதியின் கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை நகராட்சியின் மக்கள்தொகை 1,45,278. உள்ளாட்சிகளுக்கான மானியப் பகிர்வில் குடியிருப்போரின் எண்ணிக்கைக்கே பெரும் பங்கு உண்டு. ஆனால் இந்நகரம் குப்பை அள்ளுவதும், குடிநீர் வைப்பதும், கழிப்பறை பராமரிப்பதும் வந்து செல்லும் இலட்சக்கணக்கானோருக்கும் சேர்த்துத்தான். வழிபாட்டு இடங்களுக்குச் சொத்து வரி விலக்கு உண்டு. பக்தர்களின் காணிக்கை கோயில் நிதிக்குச் செல்கிறது. விடுதிகளும் கடைகளும் பெருகுவதால் வரி ஓரளவு கூடினாலும், செலவு அதைவிட வேகமாகக் கூடுகிறது. வந்து செல்வோரின் எண்ணிக்கையையும் கணக்கில் கொள்ளும் நிதி முறை இல்லாதவரை, யாத்திரை நகரத்தின் திட்டம் ஏட்டளவில் நிற்கும் இடர் உண்டு.

தண்ணீரும் இவ்வாறே. 1958இல் கட்டி முடிக்கப்பட்ட, தென்பெண்ணையாற்றின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து நகருக்குக் குடிநீர் வருகிறது. அந்த அணை பாசனத்திற்கும் உரியது. எனவே நகரின் குடிநீர்த் திட்டத்தை நகர மன்றம் மட்டும் தீர்மானிக்க முடியாது.

2024: ஓர் ஆண்டின் இரு நிகழ்வுகள்

2024இல் திருவண்ணாமலை மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. வேங்கிக்கால், அடிஅண்ணாமலை உள்ளிட்ட சுற்றுப்புற ஊராட்சிகளை அதனோடு இணைக்கும் நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. எல்லைச் சிக்கலுக்கு இது ஒரு தீர்வு. ஆயினும் ஊராட்சி மக்களுக்கு இதில் இழப்பும் உண்டு. நூறு நாள் வேலை எனப்படும் மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதித் திட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டுமே உரியதாக இருந்தது. வரி விகிதமும் மாறும். கிராம சபையில் கை உயர்த்திப் பேசும் உரிமை மறைகிறது. இவற்றுக்கு ஈடாக மக்கள் பெறுவது என்ன என்பதைத் திட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகர்ப் பகுதியில் மண் சரிந்து பாறை உருண்டு வீட்டின்மேல் விழுந்தது. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். டிசம்பர் 13 அன்று மலைமேல் மகாதீபம் ஏற்றப்பட்டபோது பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. கொப்பரையும் நெய்யும் கொண்டு செல்லும் பணியாளர்களுக்கே அனுமதி தரப்பட்டது.

இத்துயரத்தின் பின்னணியில் நிற்கும் கேள்வி எளியது. மலைச்சரிவில் யார் குடியிருக்கலாம் என்று சொல்லும் பொறுப்பு எவருடையது? காடு ஒரு துறையிடம், புறம்போக்கு நிலம் மற்றொரு துறையிடம், வீட்டு வரியும் குடிநீரும் உள்ளாட்சியிடம், மின்சாரம் வாரியத்திடம் இருக்கின்றன. ஒவ்வோர் அலுவலகமும் தன் பதிவேட்டை மட்டுமே பார்த்தால், அந்த மண் பாரம் தாங்குமா என்று பார்க்கும் பதிவேடு எங்கும் இருக்காது. நகரத்திற்குள் இடம் வாங்க வசதியில்லாத உழைக்கும் மக்களே இத்தகைய இடங்களில் குடியேறுகின்றனர். அவர்களுக்கு வேறிடம் காட்டாமல் அகற்றுவதும், ஆபத்தை அறிந்தும் அங்கேயே விட்டுவிடுவதும் திட்டமிடல் ஆகா.

பிற இடங்களின் பட்டறிவு

கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. நிதி கையில் வந்ததால் கிராம சபையின் விவாதத்திற்குப் பொருள் ஏற்பட்டது. தென்னாப்பிரிக்காவில் 2000ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புகள் சட்டம், புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும் ஒவ்வொரு நகராட்சி மன்றமும் தன் பதவிக்காலத்திற்கான ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தை ஏற்க வேண்டும் என்றும், ஆண்டுதோறும் அதை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்றும் கட்டாயமாக்கியது. அங்கும் நிதிப் பற்றாக்குறையும் துறைகளின் ஒத்துழையாமையும் சிக்கல்களாகவே உள்ளன. ஆனால் திட்டத்திற்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதில் ஐயமில்லை.

தீப விழா காட்டும் வழி

திருவண்ணாமலைக்கு ஒருங்கிணைப்பு புதியதன்று. ஆண்டுதோறும் கார்த்திகைத் தீபத்திற்கு முன் மாவட்ட ஆட்சியர் தலைமையில் எல்லாத் துறைகளும் ஒன்றுகூடுகின்றன. தற்காலிகப் பேருந்து நிலையங்கள் எங்கே, குடிநீர்த் தொட்டிகள் எத்தனை, மருத்துவ முகாம்கள் எங்கே, அன்னதானத்திற்கு எந்த இடம் என்று ஒரே வரைபடத்தின்மேல் முடிவுகள் எடுக்கப்படுகின்றன. பல இலட்சம் பேர் வந்து வழிபட்டுத் திரும்புகின்றனர். துறைகள் சேர்ந்து இயங்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

விழா முடிந்ததும் அந்த வரைபடம் சுருட்டி வைக்கப்படுகிறது. அதை ஆண்டு முழுவதற்கும் விரிப்பதும், அதன்மேல் முடிவெடுக்கும் இடத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தை அமர்த்துவதும், மலையடிவாரத்துக் குடிசையையும் அதில் குறிப்பதுமே திருவண்ணாமலை மாநகராட்சியின் முன் உள்ள பணி. பக்தர்கள் ஓரிரவில் வந்து செல்வர். மீதி நாள்களில் அந்த ஊரில் வாழ்பவர்களுக்கும் ஒரு திட்டம் வேண்டும்.