"டீச்சர், நீங்களுமா?"



ஜூன் மாதம் எங்கள் வீட்டு முன்னறையில் ட்யூஷன் ஆரம்பித்திருக்கிறேன் என்று எழுதியிருந்தேன். நிறைய வாழ்த்து வந்தது. நடுவில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன், "டீச்சர், நீங்களுமா?" என்று மட்டும் கேட்டிருந்தான். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

சர்வீசில் இருந்தவரை நான் ட்யூஷன் எடுத்ததில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவும் பணியில் இருக்கும் ஆசிரியர் தனிப்பயிற்சி எடுக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. ஓய்வு பெற்றவருக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் அவன் கேட்டது சட்டத்தை அல்ல, காசை. பென்ஷன் வாங்கும் டீச்சர் பிள்ளைகளிடம் ஃபீஸ் வாங்கலாமா?

பதில் சொல்லத் தெரியாமல் பழைய புத்தகங்களைப் புரட்டினேன். தரம்பால் 1983இல் வெளியிட்ட 'தி பியூட்டிஃபுல் ட்ரீ' என்ற நூலில், சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ எடுத்த கணக்கு முழுசாக இருக்கிறது. 1822இல் ஒவ்வொரு கலெக்டரிடமும் பள்ளிக்கூட விவரம் கேட்டார் மன்றோ. 1826 மார்ச்சில் அதைத் தொகுத்து எழுதினார். மொத்தம் 12,498 பள்ளிகள். மாகாணத்தின் ஜனத்தொகை அப்போது 1 கோடியே 28 லட்சத்துக்கு மேல். ஆக, ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. பள்ளி என்றதும் கட்டடத்தை நினைக்காதீர்கள். வாத்தியார் வீட்டுத் திண்ணை, இல்லாவிட்டால் சத்திரம், மரத்தடி. மணலில் விரலால் எழுத்து, பிறகு ஓலையும் எழுத்தாணியும். எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம். பெரிய பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான்.

இந்தச் சட்டாம்பிள்ளை முறை கடல் தாண்டிப் போனது. எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் சிஸ்டம்' என்றே பெயர். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு ஃப்ரோபலும் மாண்டிசோரியும் வந்தார்கள், சட்டாம்பிள்ளை வரவில்லை!

சரி, காசுக்கு வருகிறேன். ஒரு பிள்ளைக்கு மாதம் 4 அணாவிலிருந்து 8 அணா. இது போகக் கொஞ்சம் அரிசி, காய்கறி. நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டம் அடித்து வீடு வீடாகப் பாடி வாத்தியாருக்கு வாங்கிவருவது தனி. எல்லாம் சேர்ந்தும் என்ன? பெரும்பாலான வாத்தியார்களுக்கு ஃபீஸ் வரும்படி மாதம் 6, 7 ரூபாயைத் தாண்டவில்லை என்கிறார் மன்றோ. இந்த வருமானத்துக்குத் தகுதியானவர்கள் எப்படி இந்தத் தொழிலுக்கு வருவார்கள் என்பது அவர் கவலை. கலெக்டர் ஊர்ப் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாய், தாலுகா பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய் சர்க்கார் சம்பளம் கொடுக்கலாம் என்று திட்டம் எழுதினார். மறு வருஷமே இறந்துபோனார்.

எனக்கு ஆச்சரியம் தந்தது வேறொன்று. பட்டணத்தில், பள்ளிக்குப் போனவர்களைப்போல் ஐந்து மடங்குப் பிள்ளைகள், 26,000 பேருக்கு மேல், வீட்டிலேயே படித்தார்கள் என்று கணக்கு வந்திருந்தது. இது மிகையாக இருக்கும் என்று மன்றோவே சந்தேகப்பட்டார். ஆனாலும் வீட்டில் படித்தவர்களையும் சேர்த்தால்தான், ஆண்பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்டப் படித்தார்கள் என்று அவரால் சொல்ல முடிந்தது. ஆக, வீட்டுப் படிப்பும் அதற்கு ஃபீஸும் நேற்று வந்தவை அல்ல.

இதை எழுதி அந்தப் பையனுக்கு அனுப்பலாம் என்று எடுத்தும்விட்டேன். அனுப்பவில்லை. அந்தக் கணக்கை மறுபடி பாருங்கள்: ஆண்பிள்ளைகள். பெண்பிள்ளைகள் அதில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அணா கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையும், திண்ணையிலேயே ஏறக்கூடாது என்று வைத்திருந்த சாதியார் பிள்ளையும் அநேகமாக வெளியேதான். அந்தத் திண்ணையை மட்டுமே நம்பியிருந்தால் நான் டீச்சர் ஆகியிருக்க மாட்டேன். என்னைப் படிக்கவைத்தது ஃபீஸ் இல்லாத ஊராட்சி ஒன்றியப் பள்ளி.

முதல் மாதம் நான் ஃபீஸ் வாங்கவில்லை. இஷ்டத்துக்கு வந்தார்கள், போனார்கள். 200 ரூபாய் என்றதும் ஒழுங்காக வர ஆரம்பித்தார்கள், அது உண்மை. அதே மாதம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நின்றுவிட்டாள், அதுவும் உண்மை. பின்னத்தில் கெட்டிக்காரி. வீட்டுக்கே போனேன். "அடுத்த மாசம் அனுப்பறேன் டீச்சர்" என்றார் அவள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். காசைப் பற்றிப் பேச வரவில்லை, சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க எனக்கு ஆள் வேண்டும் என்றேன். திங்கட்கிழமை வந்தாள், கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு.

இப்போது 14 பேர். மூன்று பேரிடம் ஃபீஸ் இல்லை. யார் அந்த மூன்று பேர் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. "நீங்களுமா?" என்று கேட்டவனே, ஊருக்கு வந்தால் ஒரு சாயங்காலம் வந்து உட்கார். யார் வீட்டிலாவது பழைய கரும்பலகை சும்மா கிடந்தால் சொல்லுங்கள், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன்.