சல்பேட் வேடமிட்ட குரோமியம்

திண்டுக்கல் தோல் ஷாப்களில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீர்தான் எல்லாம். தோல் பதமாக வாரக்கணக்கில் குழியில் கிடக்கும். அந்த வேலையை ஒன்றிரண்டு நாளில் முடிக்கும் குரோமியம் பிறகுதான் வந்தது. அதன் பூர்வீகம் ரஷ்யாவின் உரால் மலை.

1761-இல் கனிமவியலாளர் லேமன் அங்கே ஒரு செந்நிறத் தாதுவைக் கண்டார். 1797-இல் பாரீசில் வேதியியலாளர் வோக்லான் அதில் ஒரு புதிய உலோகம் இருப்பதைக் கண்டறிந்தார். நெடுங்காலம் அது சாயக்காரர்களின் சரக்காகவே இருந்தது. நியூயார்க்கில் சாயத் தொழிலில் இருந்த அகஸ்டஸ் ஷுல்ட்ஸிடம், பெண்களின் இடுப்புக் கச்சையில் வைக்கும் எஃகுப் பட்டையைத் துருப்பிடிக்க விடாத தோல் வேண்டும் என்று ஒருவர் கேட்டாராம். 1884-இல் குரோமியத் தோலுக்குக் காப்புரிமை வாங்கினார் ஷுல்ட்ஸ். பிலடெல்பியா ஆலைகள் அதை ஆட்டுத்தோலில் வெற்றியாக்கின. சென்னை மாகாணத்துப் பச்சைத்தோலுக்கு அமெரிக்காவில் கிராக்கி கூடியது. சென்னையில் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் அதே முறையை இங்கே கொண்டுவரப் பாடுபட்டார்.

தோலில் ஏறாத குரோமியம் கழிவுநீரோடு போகிறது. மாங்கனீசு ஆக்சைடு உள்ள மண்ணில் அதில் ஒரு சிறு பங்கு நச்சுமிக்க குரோமேட்டாக மாறக்கூடும். 1996-இல் தமிழ்நாட்டுத் தோல் ஆலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் திண்டுக்கல்லும் இடம்பெற்றது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். அந்தக் குரோமேட்டை எதிர்கொள்ளும் நுண்ணுயிரியின் செல்சவ்வு அயனிகளை எளிதில் உள்ளே விடாது. ஒவ்வொன்றுக்கும் தனிப் புரத வாசல் உண்டு. உயிர்வாழச் சல்பேட் வேண்டும், அதற்கும் ஒரு வாசல் இருக்கிறது. குரோமேட்டோ சல்பேட்டின் அச்சு: நடுவில் ஓர் அணு, சுற்றி நான்கு ஆக்சிஜன், மொத்தம் இரண்டு எதிர்மின்னூட்டம். வாசல் ஏமாந்து உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே போனதும் அது எலக்ட்ரான்களைப் பறித்து டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது.

சில நுண்ணுயிரிகள் இதற்கு மாற்று வைத்திருக்கின்றன. அதன் பெயர் ChrA. சவ்வின் மின்னழுத்தத்தைக் கொண்டு குரோமேட்டை வெளியேற்றும் பம்ப் அது. பெல்ஜியத்துத் துத்தநாக ஆலைத் தொட்டியில் கிடைத்த நுண்ணுயிரியிலும், சூடோமோனாஸ் ஒன்றிலும் இதன் மரபணுவை 1990-இல் படித்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. இரண்டுமே பிளாஸ்மிட்டில், அதாவது ஒரு நுண்ணுயிரி மற்றொன்றுக்கு நகலெடுத்துக் கொடுக்கக்கூடிய டி.என்.ஏ. வளையத்தில் இருந்தன.

ஆனால் இந்தப் பம்ப் விஷத்தை அழிப்பதில்லை. அதே தண்ணீரில்தான் கொட்டுகிறது. அதனால் தோல் ஷாப் கழிவை ஆராய்பவர்கள், குரோமேட்டைத் தீங்கு குறைந்த வடிவமாக மாற்றும் நொதியும் கொண்ட நுண்ணுயிரிகளைத் தேடுகிறார்கள்.