கசட்டில் கிடக்கும் நம் வரலாறு



1973இல் எண்ணெய் விலை ஏற, வளைகுடாவில் வேலை பெருகியது. 1977க்குப் பின் நம்மவர்கள் நிறையப் பேர் போனார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல்தான் வந்தது.

அங்கே வெள்ளி விடுமுறை. இங்கே ஜும்ஆ முடிந்தால் மீண்டும் வேலை. அங்கே குப்பூஸ், இங்கே சோறு. பெருநாளென்றால் இங்கே வட்டிலப்பமும் வீடு வீடாகப் போய்வருவதும். அங்கே தொழுதுவிட்டு அறையில் தூக்கம். கடிதம் வர வாரக்கணக்காகும். எழுதத் தெரியாத உம்மாமார் கசட்டில் பேசி அனுப்பினார்கள்.

அந்தப் பணத்தில் கிடுகு வீடுகள் கல்வீடுகளாயின. அதைப் பெருமையாகச் சொல்கிறோம். பிள்ளையை உம்மம்மாவிடம் விட்டுப்போன தாய்மாரின் கதையை நாம் எழுதி வைக்கவில்லை.

கசட்டுகளில் பூஞ்சணம் பிடிக்கிறது. உங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தால், இன்றே போனில் பதிந்து வையுங்கள்.